வெயில் படாத வீடு

சிவமயம்

தென்காசி,
ஹேவிளம்பி வருஷம், ஆனி 18 (1957)

சிரஞ்சீவி சிவசைலத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. உலகம்மை துணையிருக்க டில்லியில் நீ நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலம்.

அங்கே வெயில் தாங்கவில்லை, ராத்திரியும் சுவர் சுடுகிறது என்று எழுதியிருந்தாய். மோர் வாங்கிக் குடி. இங்கே சாரல் பிடித்துவிட்டது. சூரியன் தலைகாட்டி ஒரு வாரம் இருக்கும். துவைத்த சேலை எதுவும் காய்வதில்லை. அப்பாவின் வேட்டியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன். புகை வாடை அடிக்கிறது என்று கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகும்போது ஒரே சத்தம். வழக்கு இருக்கிற நாளில் அவரிடம் யாரும் பேச முடியாது, உனக்குத் தெரியாததில்லை.

உன் பெண்டாட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. போன வருஷம் தலைப்பிரசவத்தில் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து அவள் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள் என்று முன்பே எழுதினேன். இப்போது நடையே மாறிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, வாத்து நடக்கிற மாதிரி. உட்கார்ந்தால் எழுந்திருக்க உரலைப் பிடிக்கிறாள், தூணைப் பிடிக்கிறாள். பரணில் இருந்து பித்தளைச் சட்டியை எடு என்றால், “ஏணி ஏற முடியல அத்தை, தொடையெல்லாம் பிடுங்குது” என்கிறாள். இருபத்து மூன்று வயசுப் பெண் பேசுகிற பேச்சா இது?

வைத்தியர் வந்து வாதம் என்று தைலம் கொடுத்தார். போத்தல் தீர்ந்துவிட்டது, வலி தீரவில்லை. பேய் ஏதாவது பிடித்திருக்குமோ என்று கயிறு மந்திரித்துக் கட்டினோம். அதற்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் வலி இல்லையா? உன்னைப் பெற்றதிலிருந்து இடுப்பும் முழங்காலும் ஒரு நாள் சும்மா இருந்ததில்லை. உன் ஆச்சி நாற்பது வயசிலேயே கூனிப் போனாள். இந்த வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்காக யாரும் பாயை விரித்துப் படுத்ததில்லை.

அவளுக்கு இங்கே என்ன குறை? கிணறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோயிலுக்குப் போனால் திரை போட்ட வில்வண்டி. அடுத்த வீட்டு அரிசிக்கடைக்காரர் மாடி எழுப்பினார் என்றதும் நம் முற்றத்தின் மேல் உன் அப்பா தகரம் போட்டு மூடிவிட்டார். இந்த வீட்டுப் பெண்ணின் நிழலைக்கூட வெளியாள் பார்த்ததில்லை. கடையத்தில் அவள் அப்பா வீட்டில் வயல்வரப்பில் சுற்றித் திரிந்தவளை இங்கே பூ மாதிரி வைத்திருக்கிறோம். ஏதோ நோயை மறைத்து நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இப்போது சந்தேகம் வருகிறது.

செங்கோட்டைச் சித்தப்பா வந்திருந்தார். அவர் மச்சினருக்கு ஒரு பெண் இருக்கிறதாம். “மதினி, மருமக இப்படியே கெடந்தா வம்சம் என்ன ஆகுதது? கடையத்துக்காரங்கிட்டப் பேசி, கோர்ட்டுல எழுதித் தீத்துட்டு, வேற பாத்திரலாமே” என்றார். உன் காதில் போட்டு வைக்கிறேன், அவ்வளவுதான். நீயும் யோசித்துப் பார்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகிறேன். அருவித் தண்ணீர் நாலு நாள் முதுகில் விழுந்தால் எந்த வாதமும் ஓடிப்போகும். பார்க்கலாம்.

அன்புடன் ஆசி கூறும் அம்மா,
வடிவாம்பாள்


சிவமயம்

தென்காசி,
ஆடி 13

சிரஞ்சீவி சிவசைலத்துக்கு அம்மாவின் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தை நேற்றே தொடங்கினேன். நாலு வரி எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் கோபப்படாமல் கடைசிவரை படி.

குற்றாலத்துக்கு நானும் சுந்தரியும் விடியும் முன்பே போய்விட்டோம். இசக்கியப்பன்தான் வண்டி ஓட்டினான். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் அப்போதே நாலைந்து பேர் நின்றார்கள். தண்ணீர் அன்றைக்குக் கொஞ்சம் கனம்தான். சுந்தரி உள்ளே போனவுடன் “அத்தை, முதுகுல கல்லு விழுத மாதிரி இருக்கு, வந்திருதேன்” என்று கத்தினாள். முதலில் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். நான் தோளைப் பிடித்து, “நில்லுட்டி, நல்லா மேல விழட்டும், அப்பத்தான் வாதம் எறங்கும்” என்று நிறுத்தினேன். பிடித்ததுதான். தள்ளவில்லை. அவள் ஒரு சத்தம் போட்டுவிட்டு என் கைக்குள்ளேயே சரிந்துவிட்டாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஓடி வந்து தூக்கினாள். ஈரச் சேலையோடு பாறையில் உட்கார்ந்து சுந்தரியின் விலாவைத் தொட்டுப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், முழங்காலுக்குக் கீழே எலும்பைக் கட்டைவிரலால் அமுக்கினாள். தொட்ட இடமெல்லாம் சுந்தரி துடித்தாள். அந்த அம்மாள் பாளையங்கோட்டையில் டாக்டராம். ஞானபாக்கியம் என்று பெயர். சீசனுக்கு வந்து பங்களா எடுத்துத் தங்கியிருக்கிறாள். விலா எலும்பு விட்டிருக்கிறது என்றாள். தண்ணீர் விழுந்து எலும்பு உடையுமா என்று நான் கேட்டேன். “நல்ல எலும்பா இருந்தா உடையாதும்மா. இது இளகிப் போய்க் கெடக்கு” என்றாள்.

பிறகு என்னிடம் விசாரணை. எத்தனை நாளாக இந்த நடை, என்ன சாப்பாடு, வெயிலில் இருப்பதுண்டா என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் நம் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியட்டும் என்று, “எங்க வீட்டுப் பொம்பளைங்கள வெயிலு பாத்ததே கெடையாது” என்றேன். “அம்மா, இவுகளுக்கு நோயே அதுதான்” என்றாள்.

பாளையங்கோட்டைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. இடுப்பு எலும்பு இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கியிருக்கிறதாம். விட்டமின் டி என்று ஒன்று உண்டாம். அது இல்லாவிட்டால் என்ன பால் குடித்தாலும் எலும்பில் சுண்ணாம்பு சேராதாம். “நம்ம சோத்துலயும் காய்கறியிலயும் அது கெடையாதும்மா. வெயிலு தோலு மேல பட்டாத்தான் உடம்பு தானாச் செஞ்சுக்கிடும்” என்றாள். சேலையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆகாது. கையும் காலும் முதுகும் தெரிய, காலை வெயில் ஏறின பிறகு உட்கார வேண்டுமாம். வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனதற்கும் இந்த அமுங்கின இடுப்புத்தான் காரணமாக இருக்கும் என்றாள். அப்படியென்றால் பேயும் இல்லை, கடையத்துக்காரர்கள் மறைத்ததும் இல்லை.

சும்மா இருக்காமல் என் காலையும் அமுக்கினாள். நான் கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டேன். எனக்கும் அதே நோவுதான் என்றாள். எதற்கு வேண்டாத வேலை.

மருந்து விஷயம். அவள் கொடுத்தது மீன் எண்ணெய். சுறாவின் ஈரலில் எடுப்பதாம். நாம் சைவம், முட்டை கூட வாசல் தாண்டாது என்று சொல்லிப் போத்தலை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்படியானால் மாத்திரை இருக்கிறது, அது மீனில் எடுப்பதில்லை, காளான் மாதிரி ஒன்றில் செய்வது, ஆனால் இந்தப் பக்கத்தில் கிடைப்பதில்லை, பெரிய பட்டணத்தில் கேட்டுப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். சீட்டை இதனோடு வைத்திருக்கிறேன். டில்லியில் கிடைக்காமல் இருக்காது. ஆபீசிலிருந்து திரும்பும்போதே வாங்கி உடனே பார்சலில் அனுப்பிவிடு. நாளைக்கு என்று தள்ளாதே.

வெயிலில் உட்கார வை என்கிறாள். ஆடி மாதத்துத் தென்காசியில் வெயிலுக்கு நான் எங்கே போக? மலை மேலே மேகம் இடம் விட்டு அசையவில்லை. எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். பார்த்தாலும் தகரம்தான் தெரிகிறது.

மாத்திரையை மறக்காதே.

அம்மா


தென்காசி,
ஆவணி 20

சிவசைலத்துக்கு,

ஆசி. உன்னிடமிருந்து பதில் இல்லை, பார்சலும் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் நடைக்கதவுப் பக்கம் வந்து நின்றுவிடுகிறேன். இந்த வயசில் நான் நடையில் நிற்பதைப் பார்த்து உன் அப்பாவுக்கு ஆத்திரம். நேற்று தபால்காரரே, “ஒண்ணும் வரல ஆச்சி, வந்தா நான் குடுக்காமப் போவேனா” என்று சொல்லிவிட்டுப் போனார், பாவம்.

சுந்தரி இப்போது எழுந்து நடப்பதே இல்லை. விலா கூடிவிட்டது. ஆனால் பாயை விட்டு எழ இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. திரும்பிப் படுத்தால் முனகுகிறாள். என்னைப் பார்த்தால் முனகலை அடக்கிக்கொள்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வாய்விட்டு அழுதாலாவது ஏதாவது சொல்லித் திட்டலாம்.

சாரல் குறைந்துவிட்டது. அரிசிக்கடைக்காரர் மாடிச் சுவரில் வெயில் மஞ்சளாக விழுகிறது. நம் முற்றத்தில் இருந்துகொண்டு தகர இடுக்கு வழியாக அதைப் பார்க்கிறேன். அதில் ஒரு கீற்று உள்ளே விழுந்தது, கயிறு அகலம்கூட இருக்காது. அதில் அவள் காலை நீட்டச் சொல்லி உட்கார வைத்தேன். கீற்று நகர நகரப் பாயை இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் சுவரில் ஏறிப் போய்விட்டது.

புறவாசலில் உட்கார வைக்கலாம் என்றால், அங்கே களத்தில் ஆள்காரர்கள் நடமாட்டம். தகரத்தைப் பிரிக்கலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். “டாக்டரு சொன்னா தெருவுல கூட உக்காத்தி வப்பியோ?” என்றார்.

மாத்திரை கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றாவது எழுது. சென்னையில் ஆள் வைத்துப் பார்க்கிறேன். சும்மா இருந்துவிடாதே. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அம்மா


சிவமயம்

தென்காசி,
புரட்டாசி 15

சிவசைலத்துக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்கு இல்லை, அப்பா பெயருக்கு. அவர் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். உள்ளறையில் ஒருத்தி படுத்திருக்கிறாள், அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்ற நினைப்பு அவருக்கும் இல்லை, எழுதின உனக்கும் இல்லை.

எலும்பு நோய்க்கு மாத்திரை வாங்குவது வீண் என்று ஆபீசில் யாரோ சொன்னார்களாம். அதனால் வாங்கவில்லை. நடக்க முடியாத பெண்ணை டில்லிக்குக் கூட்டி வந்து என்ன செய்வது, கடையத்துக்கு அனுப்பிவிடுங்கள், செங்கோட்டை விஷயத்தை மேற்கொண்டு பேசுங்கள். கடைசியில், அம்மாதானே முதலில் எழுதினாள் என்று ஒரு வரி.

எழுதினேன். எழுதியிருப்பேன். அம்மா எழுதினதில் இது ஒன்றுதான் உன் கண்ணில் பட்டதா? மாத்திரைக்குச் சீட்டு வைத்து அனுப்பினதும் நான்தானே! ஆனியில் எழுதினதைப் பத்திரமாக வைத்திருக்கிறாய், ஆடியில் எழுதினதைத் தொலைத்துவிட்டாய்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அவள் நம் வீட்டுக்கு நடந்து வந்தவள். கல்யாணத்தன்றைக்கு மறுவீடு வந்தபோது வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள், பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அந்தக் கால்களைத் திருப்பிக் கடையத்துக்கு என்ன சொல்லி அனுப்ப? இனிமேல் செங்கோட்டை என்ற பேச்சு இந்த வீட்டில் எடுத்தால் நான் உலை வைக்க மாட்டேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உனக்கும் அதுவே.

அவர் கடிதத்தை மடித்துவிட்டுக் கச்சேரிக்குப் போனதும் இசக்கியப்பனைக் கூப்பிட்டு ஏணி வைக்கச் சொன்னேன். “அம்மா, ஐயா வந்தா என்னைக் கொன்னுருவாக” என்றான். “முதல்ல என்னைக் கொல்லட்டும், பொறவு உன்ட்ட வருவாக, ஏறுலே” என்றேன். தகரம் ஒவ்வொன்றாக இறங்கியது. முற்றம் முழுக்க வெயில். இத்தனை வருஷமும் நான் கோலம் போட்ட தரை, எனக்கே அடையாளம் தெரியவில்லை. பாசி, தூசி, மூலையில் ஒட்டடை. கண் கூசி நின்றுவிட்டேன்.

பிறகு அடுத்த வீட்டுக்குப் போனேன். ஆமாம், நானேதான், பகலில், நடந்து. மாடி எழுப்பினதிலிருந்து அந்த வீட்டோடு நமக்குப் பேச்சில்லை. அரிசிக்கடைக்காரர் பெண்சாதி செண்பகவல்லி என்னைப் பார்த்ததும் பயந்துபோய் எழுந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. “காலையில நம்ம பக்கத்து ஜன்னல நான் சாத்தி வச்சிருதேன் மதினி. மொட்டை மாடிக்கும் யாரும் போவாம பாத்துக்கிடுதேன்” என்றாள். அவ்வளவு லேசாக முடிகிற காரியமாக இருந்தது அது.

உன் அப்பா வந்து கத்தினார். மேலே ஆகாயத்தைக் காட்டி, “இங்கன யாரு பாக்கா, சொல்லுங்க” என்றேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாப்பிட்டார்.

இன்னொன்றும் எழுதுகிறேன். இதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நீ சொல்லிக்கொள்.

வெயில் மட்டும் போதாது, எலும்பு இவ்வளவு இளகின பிறகு மருந்தும் வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாள். மாத்திரையோ நீ அனுப்பப்போவதில்லை. இசக்கியப்பனை இங்கிலீஷ் மருந்துக் கடைக்கு அனுப்பி அந்த எண்ணெயை வாங்கி வரச் சொன்னேன். துண்டுக்குள் சுற்றிக் கொண்டு வந்தான். மூடியைத் திறந்தேன். நீ அந்த வாடையை அறிந்திருக்க மாட்டாய். நானும் அன்றுதான் அறிந்தேன்.

சுந்தரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “வேண்டாம் அத்தை. சைவத்துல பொறந்துட்டு இதக் குடிச்சு நான் யாருக்காவப் பொழைக்கணும்? இப்படியே இருந்துட்டுப் போறேன்” என்றாள். உன் கடிதத்தைக் கேட்டவள் வேறு என்ன சொல்வாள்? நான் அதட்டிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன், நான் கெஞ்சி நீ பார்த்ததில்லை. அவள் திரும்பவே இல்லை.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கரண்டியில் ஊற்றி நான் குடித்துவிட்டேன். “எனக்கும் எலும்பு நோவுதுன்னு அந்த டாக்டரம்மா சொன்னாள்லா? நான் குடிச்சுட்டேன். இப்பம் ரெண்டு பேரும் ஒண்ணுதான். வாயத் தொறட்டி” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய நான் நின்ற கோலத்தைப் பார்த்து அவள் திரும்பி, என்ன அத்தை இது என்று அழுதாள். அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.

அன்று முழுவதும் எது சாப்பிட்டாலும் மீன் ஏப்பம். பூஜை அறைக்குள் போகக் கால் வரவில்லை. வெளியே நின்றே விளக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெளிவாக இல்லை. மறுநாள் குளித்துவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினேன். எரிந்தது.

இப்போது தினமும் காலையில் சமையல் முடிந்ததும் இரண்டு பேரும் முற்றத்தில் உட்காருகிறோம். முதலில் அவள் கூனிக் குறுகி முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பாள். நான் என் முதுகுச் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவளும் இறக்குகிறாள். வெயில் முதுகில் ஊறுவது எப்படி இருக்கும் என்று நான் மறந்தே போயிருந்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறின பிறகு எழுதுகிறேன். இப்போதே ஒரு கம்பளி வாங்கிக்கொள், டில்லியில் குளிர் சீக்கிரம் வந்துவிடும் என்கிறார்கள்.

அம்மா


சிவமயம்

தென்காசி,
மாசி 4 (1958)

சிரஞ்சீவி சிவசைலத்துக்கு அம்மாவின் ஆசி. பொங்கலுக்கு நீ எழுதிய கார்டு வந்தது. அதில் எல்லோரையும் கேட்டிருந்தாய். எல்லோரிலும் அவள் உண்டு என்று வைத்துக்கொண்டேன்.

அவள் நடக்கிறாள். கார்த்திகையில் சுவரைப் பிடித்து நடந்தாள். தீபத்தன்றைக்கு முற்றத்தில் தானே விளக்கு வைத்தாள். குனிந்து வைத்துவிட்டு யாரையும் பிடிக்காமல் நிமிர்ந்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன், கண் பட்டுவிடும் என்று. இப்போது குடத்தைத் தவிர மற்ற வேலையெல்லாம் செய்கிறாள். முனகல் போய்விட்டது. பதிலுக்குப் பதில் பேசத் தொடங்கிவிட்டாள், அதுவும் நல்லதுக்குத்தான். என் முழங்காலும் முன்னைப்போல இல்லை. இருபத்தைந்து வருஷமாகத் தலையெழுத்து என்று தூக்கிக்கொண்டு திரிந்த வலி.

தை மாதம் பாளையங்கோட்டைக்குப் போய்த் திரும்பப் படம் எடுத்தோம். எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது, எனக்கே தெரிந்தது. ஆனால் டாக்டர் ஞானபாக்கியம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அமுங்கின இடுப்பு இனிமேல் பழையபடி விரியாது. நடையில் அந்தச் சாய்ப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பிள்ளை பெறலாம், ஆனால் ஆஸ்பத்திரியில், ஆப்பரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், மருத்துவச்சியை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. இதை நீ மனதில் எழுதி வைத்துக்கொள்.

வெளியே வந்த பிறகு மறுபடி நான் மட்டும் உள்ளே போனேன். உனக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். என் ஆச்சிமார்களும் அப்படியே இழந்தார்கள், எங்களுக்கு அது வழக்கமாகவே இருந்தது என்றேன். அந்த அம்மாள் சுந்தரியின் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு, “இப்பம் உங்க மருமகளப் பாத்துக்கிடுங்கம்மா” என்றாள். நான் வந்துவிட்டேன்.

எண்ணெய் இப்போது நிறுத்தியாயிற்று. டாக்டர் சென்னைக்கு எழுதி அந்த மாத்திரையை வரவழைத்துக் கொடுத்துவிட்டாள். டில்லியில் இதை அவள் விடாமல் சாப்பிட வேண்டும்.

ஆமாம், டில்லியில். வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் இங்கிருந்து ரயில் ஏறுகிறோம். அவளும் நானும், துணைக்கு என் தம்பி ஆவுடையப்பனும். சென்னையில் இறங்கி டில்லி வண்டி பிடிக்க வேண்டும். திருநெல்வேலிக்கு வடக்கே நான் ஊர் பார்த்ததில்லை. திரையில்லாத ஜன்னலில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் வரப்போகிறேன். உன் அப்பாவைக் கேட்டேன். “எப்படியும் போவ, என்ட்ட எதுக்குக் கேக்க?” என்றார். ஆனால் தகரத்தைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார். இப்போதெல்லாம் நாங்கள் எழுந்த பிறகு அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

நீ இருக்கிற கரோல்பாக் அறையில் வெயில் விழுமா? விழாது என்றால் வேறு பார். சின்ன இடமாக இருந்தாலும் போதும், மொட்டை மாடியோ முற்றமோ வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று நீ யோசிப்பாய். எனக்குத் தெரியும், நீ யோசிப்பாய். நீ என் வயிற்றில் பிறந்தவன்தானே.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். இதைத்தான் காலையிலிருந்து எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டில்லிக்குப் புறப்படு என்று நான் சொன்னதும் அவள் சந்தோஷப்படவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, “அவுக கூப்பிடாம நான் எதுக்கு அத்தை வரணும்? வேண்டாம்னு எழுதுனாக, என் காதாலதானே கேட்டேன். நடக்க முடிஞ்சுட்டு, கடையத்துக்கு நானே நடந்து போயிருவேன்” என்றாள். குரல்கூட உயரவில்லை. அவன் கூப்பிட்டிருக்கிறான் என்று நான் சொன்னேன். எழுதியிருக்கிறான், மனசு மாறிவிட்டது, வரச் சொல்கிறான் என்றேன். கடிதம் எங்கே என்று கேட்டாள். அப்பா எங்கேயோ வைத்துவிட்டார் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அதன் பிறகு துணியை மடித்தாள். ஆனால் இரண்டு நாளாகத் தபால்காரர் வருகிற நேரத்துக்கு அவள் நடைப்பக்கம் வந்து நிற்கிறாள். நான் நின்ற இடத்தில்.

உன் அம்மா இதுவரை யாரிடமும் கை நீட்டிக் கேட்டதில்லை. உன்னிடம் கேட்கிறேன். அவள் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. அம்மாவுக்கு என்று வேண்டாம், அப்பாவுக்கு என்று வேண்டாம், சௌபாக்கியவதி சண்முகசுந்தரிக்கு என்று உறையில் எழுது. உள்ளே நீளமாக ஒன்றும் வேண்டாம். வா என்று எழுதினால் போதும். இது கையில் கிடைத்த அன்றே தபாலில் போட்டால் நாங்கள் கிளம்பும் முன் வந்துவிடும். அன்றே போடு.

வராவிட்டாலும் நான் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன், அது வேறு விஷயம். ஆனால் வண்டியில் அத்தனை தூரமும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

ஸ்டேஷனுக்கு வந்துவிடு. பெட்டியிலிருந்து இறங்க அவளுக்குக் கொஞ்ச நேரமாகும், படி உயரம். கூலிக்காரனையோ மாமாவையோ பார்க்காதே, நீ கை கொடு. பிளாட்பாரத்தில் அவள் நடக்கும்போது முன்னால் போய்விடாதே. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீ அவள் பக்கத்திலேயே நட.

காசி விசுவநாதரும் உலகம்மையும் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனசோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு முன்னால் கேட்டுக்கொள்ளும்,

உன் அம்மா,
வடிவாம்பாள்